ஒரு கூட்டுக்குப் பல சிறகுகள்

கென்யாவின் தலைநகரான நைரோபியில் தேயிலைக் கம்பனியொன்றில் தொழில் பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எனது கைத்தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். கதிரையொன்றின் முதுகில் ஒரு சிறு பறவை உட்கார்ந்திருந்தது. படத்தின் கீழே இப்படி எழுதியிருந்தார்: "ஹஸ்ரத், இதற்கு அரபியில் என்ன பெயர்? இன்று காலை என்னுடைய பாண் துண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது."

மத்ரஸாவில் இருந்த காலத்திலும் அவர் அப்படித்தான். ஸர்ஃபு பாடத்தின் நடுவில் கையை உயர்த்தி, ஜன்னலில் வந்து உட்காரும் காகத்துக்கும் அணிலுக்கும் அரபுப் பெயர் கேட்பார். "ஸுர்ஸூர்" என்று பதில் எழுதினேன். மைனா குடும்பத்துப் பறவைக்கு அரபிகள் வைத்த பெயர் அது. அது எழுப்பும் ஓசையிலிருந்தே அந்தப் பெயர் பிறந்தது என்பார்கள். இமாம் தமீரீ அவர்கள் எழுதிய 'ஹயாத்துல் ஹயவான்' என்ற கிதாபிலும் ஸுர்ஸூருக்கு ஓர் இடம் உண்டு.

பதிலை அனுப்பியதோடு விடயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பறவையின் நிறம் கண்ணை விட்டுப் போகவில்லை. இரண்டு மூன்று இரவுகள் இஷாவுக்குப் பின் அதைப் பற்றித் தேடி வாசித்தேன். இறகின் அழகை அறிய வாசிக்கத் தொடங்கிய நான், கடைசியில் என்னுடைய கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டியவனானேன். அதைத்தான் வாசக சகோதர சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

படைத்தவன் தீட்டிய நிறம்

ஆங்கிலத்தில் இதனை 'சுபர்ப் ஸ்டார்லிங்' என்கிறார்கள். நம் வீட்டு முற்றத்தில் நடந்து திரியும் மைனாவுக்கு இது ஆபிரிக்கச் சொந்தக்காரன். மாரி காலத்தில் மன்னார்ப் பக்கம் கூட்டம் கூட்டமாக வந்துபோகும் ரோசா நிற மைனாவும், சிங்கராஜ வனத்தில் வாழும் வெண்முக மைனாவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான்.

உடல் நீளம் ஏறக்குறைய 18 சென்டிமீற்றர். மைனாவை விடச் சிறியது. தலை கறுப்பு. முதுகும் இறக்கையும் வாலும் நீலமா பச்சையா என்று தீர்மானிக்க முடியாதபடி மின்னும். மேல் நெஞ்சும் அதே நீலம். அதன் கீழே வெள்ளை நூலொன்றைக் கட்டிவிட்டதுபோல ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே வயிறு முழுவதும் செம்மண் நிறம். வாலின் அடிப்புறம் வெள்ளை. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வளர்ந்த பறவையின் கண் வெண்மஞ்சள். குஞ்சுப் பருவத்தில் கண் கருமையாகவும் உடல் மங்கலாகவும் இருந்து, வயதாக ஆக கண் வெளுத்து உடல் மினுங்கத் தொடங்குகிறது. கென்யாவிலும் தன்சானியாவிலும் இதேபோன்ற இன்னொரு பறவையும் உண்டு. அதற்கு அந்த வெள்ளைக் கோடு இல்லை, கண்ணும் சிவப்பு.

அந்த நீலத்தைப் பற்றி வாசித்தபோதுதான் வியப்படைந்தேன். அது சாயமே அல்லவாம்! இறகின் நுண்ணிய இழைகளுக்குள் மெலனின் என்ற கறுப்புப் பொருளின் மிகச் சிறிய மணிகள் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. நம் தலைமுடியைக் கறுப்பாக்குவதும் அதே மெலனின்தான். அந்த அடுக்கில் வெளிச்சம் பட்டுத் திரும்பும்போது நம் கண்ணுக்கு நீலமும் பச்சையும் தெரிகின்றன. அந்த இறகை அம்மியில் வைத்து அரைத்தால் நீலம் போய்விடும். கையில் மிஞ்சுவது கருந்தூள்தான். ஆபிரிக்காவின் இந்தப் பளபளக்கும் மைனாக்களில் சில இனங்களுக்கு அந்த மணிகள் உள்ளே குழாய்போல வெறுமையாகவும், வேறு சிலவற்றுக்குத் தட்டையாகவும் அமைந்திருக்கின்றன என்பதை 2013இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. கறுப்பு மண்ணைக் கொண்டு நீல மாளிகை கட்டியவன் எவ்வளவு பெரிய கைவினையாளன்! ஸுப்ஹானல்லாஹ்.

முள் மரங்களின் பூமி

எதியோப்பியா, சோமாலியா, தென் சூடான், உகண்டா, கென்யா, தன்சானியா ஆகிய நாடுகளே இதன் தாயகம். அடர்ந்த காட்டில் இது வாழ்வதில்லை. புல்வெளியும் ஆங்காங்கே அக்கேசியா முள் மரங்களும் கொண்ட வறண்ட வெளிகளே இதற்குப் பிடித்த இடம். மனிதரைக் கண்டால் ஓடாது. தோட்டங்களிலும் விடுதி முற்றங்களிலும் மேசைக்குக் கீழே நடந்து திரிந்து சிந்தியதைப் பொறுக்கும். என் மாணவரின் பாண் துண்டு போன வழியும் அதுதான். பெரும்பாலும் தரையில் நடந்தே இரை தேடும். பூச்சிகளும் புழுக்களும் சிறு பழங்களும் இதன் உணவு.

இதன் குரலைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. தரையில் வரும் பகைக்கு ஒரு விதமாகவும் வானில் வரும் பருந்துக்கு இன்னொரு விதமாகவும் இது சத்தமிடும். கென்யாவின் அம்போசெலி பகுதியில் வாழும் வெர்வெட் குரங்குகள் இந்த இரண்டு சத்தங்களையும் பிரித்து அறிகின்றன. முதலாவது சத்தத்தைக் கேட்டால் மரத்துக்கு ஓடுகின்றன. இரண்டாவதைக் கேட்டால் வானத்தை அண்ணாந்து பார்க்கின்றன. ஸெய்ஃபார்த், செனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தச் சத்தங்களைப் பதிவு செய்து குரங்குகளுக்குப் போட்டுக் காட்டி இதனை 1990இல் எழுதினார்கள். பறவை தன் இனத்துக்குக் கொடுத்த எச்சரிக்கை அயலில் இருக்கும் குரங்கின் உயிரையும் காக்கிறது.

பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தை ஸூரத்துல் அன்ஆமின் 38ஆம் வசனம் சொல்கிறது. அந்த வசனத்தை நான் எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறேன். 'சமுதாயம்' என்றால் கூட்டம் என்று மட்டுமே எனக்கு விளங்கியிருந்தது. சமுதாயத்துக்குள் கொடுக்கல் வாங்கலும் உண்டு என்பதை இந்தப் பறவையின் இனப்பெருக்கத்தைப் பற்றி வாசித்தபோதுதான் யோசித்தேன்.

குஞ்சுக்குத் தாய் தந்தை மட்டுமா?

கிழக்காபிரிக்காவின் அந்த வெளிகளில் வருடத்துக்கு இரண்டு மழைக் காலங்கள். மார்ச் அளவில் தொடங்குவது நீண்ட மழை. ஒக்டோபர், நவம்பரில் வருவது குறுகிய மழை. இரண்டு மழையின்போதும் இந்தப் பறவைகள் கூடு கட்டுகின்றன. முள் மரத்தின் கிளையில் புல்லையும் முள்ளையும் கொண்டு மேலே கூரை போட்ட, பக்கத்தில் வாசல் வைத்த கூடு. சிலவேளை மரப் பொந்திலும், தூக்கணாங்குருவி இனப் பறவைகள் விட்டுப்போன பழைய கூட்டிலும் குடியேறும். பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு நீல முட்டைகள். பெண் பறவைதான் ஏறக்குறைய இரண்டு வாரம் அடைகாக்கும். குஞ்சுகள் பொரித்து மூன்று வாரமளவில் கூட்டை விட்டுப் புறப்படும்.

அந்த மூன்று வாரம்தான் கடினமான காலம். பாம்பும் பருந்தும் கூட்டைத் தேடி வரும். பெரும்பாலான கூடுகள் குஞ்சு பறப்பதற்கு முன்னரே அழிந்துபோகின்றன. போதாததற்கு ஒரு வகைக் குயிலும் இந்தக் கூட்டில் தன் முட்டையை வைத்துவிட்டுப் போவதுண்டு. மழையும் சொன்னபடி வருவதில்லை. மழை பொய்த்தால் பூச்சி இல்லை, பூச்சி இல்லாவிட்டால் குஞ்சுக்கு உணவு இல்லை.

இங்கேதான் அல்லாஹ் அந்தப் பறவைக்குக் கற்றுக்கொடுத்த வழியைப் பார்க்கிறோம். இவை தனிக் குடும்பமாக வாழ்வதில்லை. பல சோடிகளும் இளம் பறவைகளும் சேர்ந்து ஒரே கூட்டமாக வாழ்கின்றன. ஒரு மழைக் காலத்தில் அந்தக் கூட்டத்தில் சில சோடிகள் மட்டுமே முட்டையிடும். மற்றப் பறவைகளில் பல, அந்தச் சோடிகளின் குஞ்சுகளுக்குப் பூச்சி கொண்டுவந்து ஊட்டும். கூட்டருகே காவல் நிற்கும். ஒரு குஞ்சின் வாயில் விழும் உணவு தாயும் தந்தையும் கொண்டுவந்தது மட்டுமல்ல.

இதற்கும் மழைக்கும் தொடர்பு இருக்கிறது. ஆபிரிக்க மைனா இனங்கள் 45ஐ ஒப்பிட்டு 2007இல் ஓர் ஆய்வு வெளியானது. மழை நிச்சயமில்லாத புல்வெளிகளில் வாழும் இனங்களே இப்படிக் கூட்டாகக் குஞ்சு வளர்ப்பது அதிகம் என்று அது கண்டது. நாளைய நிலை தெரியாத இடத்தில்தான் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறோம். மனிதருக்கும் இது பொருந்தாதா?

உறவில்லாத உறவு

இந்த ஆய்வுகளைச் செய்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொக்டர் டஸ்டின் ரூபன்ஸ்டைன். கென்யாவின் லைக்கிப்பியா பிரதேசத்தில் உள்ள ம்பாலா ஆய்வு நிலையத்தில் அவரும் அவருடைய மாணவர்களும் இருபது வருடங்கள், அதாவது நாற்பது மழைக் காலங்கள், இந்தப் பறவைகளைக் கவனித்தார்கள். ஒவ்வொரு பறவையையும் அடையாளம் காண்பதற்குக் காலில் வர்ண வளையம் போட்டு, மரபணுவைப் பரிசோதித்து யார் யாருக்கு உறவு என்பதையும் குறித்து வைத்தார்கள். அலெக்ஸிஸ் ஏர்ல் என்ற பெண் ஆய்வாளர் முதன்மை ஆசிரியராக இருந்து எழுதிய முடிவு 2025 மே மாதத்தில் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியானது.

உதவி செய்யும் பறவை முதலில் தன் இரத்த உறவைத்தான் நாடுகிறது. இது எதிர்பார்த்ததே. ஆனால் உறவுப் பறவை பக்கத்தில் இருக்கும்போதே, எந்தவித உறவும் இல்லாத ஒரு குறிப்பிட்ட பறவையின் குஞ்சுகளுக்கும் அது போய் ஊட்டுகிறது. ஏன்? பல வருடக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இன்று ஊட்டியது ஒரு காலத்தில் தானே கூடு கட்டும்போது, முன்பு உதவி பெற்ற பறவை வந்து அதன் குஞ்சுக்கு ஊட்டுகிறது. முறை மாறி மாறி நடக்கிறது. ஒரு மழையில் வாங்கியதைச் சிலவேளை பல மழைகளுக்குப் பின்னர் திருப்பிக் கொடுக்கின்றன. வேறு கூட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பறவைகளும் இந்தக் கூட்டங்களில் இருக்கின்றன. ஊருக்குப் புதிதாக வந்த அவற்றுக்கு அங்கே இரத்த உறவு ஏது? இந்தக் கொடுக்கல் வாங்கல்தான் அவற்றின் உறவு.

இந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினேன். வேறு கூட்டத்திலிருந்து வந்து சேர்ந்தவன் நானும்தான்.

1990இன் அந்த வீடு

1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. மன்னார்த் தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினோம். உம்மா, வாப்பா, வாப்பும்மா, நாங்கள் பிள்ளைகள் நால்வர். ஆக ஏழு பேர். உம்மாவின் கையில் ஒரு துணிப் பொட்டலமும் ஒரு குர்ஆனும் இருந்தன. கரையில் நின்ற சனங்களில் ஒரு பெண் வந்து வாப்பும்மாவின் கையைப் பிடித்து, "வாங்க உம்மா, வீட்டுக்குப் போவோம்" என்றார். எங்களுக்கும் அவருக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது. அன்றிலிருந்து அவர் எங்களுக்குப் பெரியும்மா. அவருடைய கணவர் பெரியவாப்பா.

ஓர் அறை, ஒரு விறாந்தை, கிடுகால் அடைத்த குசினி. அவ்வளவுதான் அந்த வீடு. ஏழு மாதம் அங்கே இருந்தோம். பிறகு முகாமில் ஒரு குடிசை கிடைத்துப் போனோம். போன பிறகும் என் கையை அவர்கள் விடவில்லை. பதின்மூன்று வயதில் என்னை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் அரபுக் கல்லூரியில் சேர்த்தவர் பெரியவாப்பா. தகரப் பெட்டியும் இரண்டு வெள்ளை ஜுப்பாவும் அவர் வாங்கித் தந்தவை. இன்று என்னை மௌலவி என்று நாலு பேர் அழைக்கிறார்கள் என்றால், அந்தப் பெட்டியிலிருந்து தொடங்கிய பயணம் அது. பெரியவாப்பா 2004இல் வபாத்தானார். அல்லாஹ் அவரது கப்ரை விசாலமாக்குவானாக.

'பார்ப்போம்' என்ற சொல்

மாணவரின் படம் வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் பெரியும்மாவின் மூத்த மகன் எனக்கு டெலிபோன் எடுத்திருந்தார். "தம்பி, எங்கட மகனுக்குக் கொழும்பில ஒரு கோர்ஸ் கிடைச்சிருக்கு. ஆறு மாசம்தான். உங்கட வீட்டில தங்க ஒரு இடம் கிடைக்குமா?" என்று கேட்டார்.

என்னுடைய வாடகை வீட்டில் இரண்டு அறைகள். வயது வந்த இரண்டு பெண் பிள்ளைகள். வரப்போகிறவர் இருபது வயது வாலிபர். "வீட்டில் குமர்ப் பிள்ளைகள் இருக்காங்க நானா. பார்ப்போம்" என்றேன். "ஓம் ஓம், அது சரிதான் தம்பி" என்று சொல்லிவிட்டு, உம்மாவின் சுகத்தை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார். 'பார்ப்போம்' என்று சொன்ன நான் இரண்டு வாரமாக எதையும் பார்க்கவில்லை.

நான் சொன்ன மார்க்கச் சட்டத்தில் பிழை இல்லை. மஹ்ரம் அல்லாத வாலிபரைக் குமர்ப் பிள்ளைகள் இருக்கும் சிறிய வீட்டில் தங்கவைக்கக் கூடாதுதான். ஆனால் அந்தச் சட்டம் ஒரு கதவைத்தான் மூடியது. மற்றக் கதவுகளையெல்லாம் மூடியது நான். ஆறு மாதச் செலவு, சாப்பாடு, பொறுப்பு என்று மனம் போட்ட கணக்கை சட்டத்தின் பின்னால் மறைத்துக்கொண்டேன். ஒரு மௌலவிக்கு இது எவ்வளவு இலகுவான காரியம்!

அன்றிரவு பறவையின் கதையையும் டெலிபோன் கதையையும் சேர்த்தே மனைவியிடம் சொன்னேன். டெலிபோன் வந்த விடயத்தை அதுவரை அவரிடம் சொல்லியிருக்கவில்லை. கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்த நேரம் அவங்கட வீட்டிலயும் குமர்ப் பிள்ளைகள் இருந்தாங்கதானே? உங்கட வாப்பாவும் மூத்த நானாவும் வந்து இறங்கினப்போ அவங்க என்ன செஞ்சாங்க?"

எனக்குப் பதில் தெரியும். முப்பத்தைந்து வருடமாகத் தெரியும். ஆனால் அதை அந்தக் கோணத்தில் நினைத்துப் பார்த்ததே இல்லை. பெண்கள் எல்லோருக்கும் அறையைக் கொடுத்தார்கள். ஆண்களை அழைத்துக்கொண்டு பெரியவாப்பா கடற்கரையில் இருந்த தன் கருவாட்டு வாடியில் படுத்தார். ஏழு மாதமும் தன் சொந்த வீட்டில் அவர் ஒரு நாளும் தூங்கவில்லை. அவருக்கும் சட்டம் தெரிந்திருந்தது. சட்டத்தையும் பேணினார், எங்களையும் பேணினார்.

அடுத்த நாள் ளுஹர் தொழுதுவிட்டு எங்கள் பள்ளிவாசலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவருடைய மேல்மாடியில் ஓர் அறை சும்மா கிடந்தது. வாடகை பேசினோம், அதை நான் ஏற்றுக்கொண்டேன். மூன்று வேளைச் சாப்பாடும் எங்கள் குசினியிலிருந்து என் மகன் கொண்டுபோய்க் கொடுப்பது என்று ஏற்பாடு. கையில் நெருக்கடி இல்லாமல் இல்லை. ஆனால் அல்லாஹ் எங்களைப் பட்டினி போடவில்லை. தங்கியிருந்த மாதங்களில் அந்தத் தம்பி, இஷாவுக்குப் பின் என் மகனுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். நான் கேட்கவுமில்லை, அவர் என்னிடம் சொல்லவுமில்லை. கொப்பியைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டேன்.

தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கப் பெரியும்மாவுக்கும் டெலிபோன் எடுத்தேன். மகன் என்னிடம் உதவி கேட்ட விடயமே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. "உம்மாட முழங்கால் வருத்தம் எப்படி மகன்? நீங்க சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்டார். தனக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்ற நினைப்பே அவரிடம் இல்லை.

பறவை நின்ற இடமும் நாம் போகவேண்டிய இடமும்

பயணமொன்றில் ஸஹாபாக்கள் சிலர் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட்டார்கள். தாய்ப் பறவை வந்து சிறகடித்துத் துடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைப் பறித்து இதை வேதனைப்படுத்தியது யார் என்று விசாரித்து, அவற்றைத் திருப்பிக் கொடுக்கும்படி கட்டளையிட்டார்கள். அபூதாவூதில் பதிவான சம்பவம் இது. பறவையின் வீட்டுத் துயரத்தையே பார்த்த நபியின் உம்மத் நாம்.

இந்த ஆபிரிக்கப் பறவை, வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது. நன்றி கெட்ட மனிதனை விட அது எவ்வளவோ மேல். ஆனால் அதோடு நிற்க நமக்கு அனுமதி இல்லை. செய்ததற்குப் பதில் செய்பவன் உறவைப் பேணுபவன் அல்லன். உறவு முறிந்தபோதும் சேர்ந்து நடப்பவனே உண்மையில் உறவைப் பேணுபவன் என்ற கருத்தில் ஸஹீஹுல் புகாரியில் ஒரு ஹதீஸ் உண்டு. மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த முஹாஜிர்களை மதீனத்து அன்ஸாரிகள் ஏற்றபோது, முன்னர் வாங்கிய கடன் எதையும் அவர்கள் தீர்க்கவில்லை. கற்பிட்டிக் கரையில் நின்ற அந்தப் பெண்ணும் அப்படித்தான். கைம்மாறு செய்வது பறவை நின்ற இடம். கணக்கில்லாமல் கொடுப்பது பெரியும்மா நின்ற இடம். நான் இப்போதுதான் முதலாவது இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறேன்.

வாசக சகோதர சகோதரிகளே! ஒவ்வொருவர் வாயிலும், பெற்றவர்கள் அல்லாத யாரோ ஒருவர் ஊட்டிய ஒரு கவளமாவது இருக்கும். படிப்பித்த ஆசிரியர், பரீட்சைக் கட்டணம் கட்டிய அயலவர், சுனாமி நாளில் கதவு திறந்த வீட்டார் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் யாருடைய பிள்ளைகளுக்காவது இன்று ஒரு தேவை இருக்கிறதா என்று விசாரியுங்கள். அவர்கள் கேட்டு, நீங்கள் 'பார்ப்போம்' என்று சொல்லியிருந்தால், இன்றே எழுந்து பாருங்கள்.

நைரோபி மாணவர் சென்ற வாரமும் எழுதியிருந்தார். அந்தப் பறவை இப்போதும் அவருடைய மேசைக்கு வருகிறதாம். பாணை இனிமேல் மறைத்துவைக்க வேண்டாம் என்று பதில் எழுதினேன்.

நமக்கு நன்மை செய்தவர்களை மறவாத உள்ளத்தையும், நமக்கு எதுவும் செய்யாதவர்களுக்கும் கொடுக்கும் கரத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.